கையை ஆட்டினா திமிரா?

வணக்கம் சார்,
ஏப்ரல் மாசம் நான், மனைவி, அம்மா மூணு பேரும் டோக்கியோ, கியோட்டோ போறோம். எங்க யாருக்கும் ஜப்பானிய மொழில ஒரு வார்த்தை தெரியாது. எந்த டிரான்ஸ்லேட் ஆப் நல்லா இருக்கும்? இ-சிம் வாங்கறதா, பாக்கெட் வைஃபை எடுக்கறதா? அம்மா சுத்த சைவம். போன வருஷம் போயிட்டு வந்த என் நண்பன், அங்க ஆளுங்க திமிர் பிடிச்சவங்க, இங்கிலீஷ்ல வழி கேட்டா கையை ஆட்டிட்டு ஓடறாங்கன்னு சொல்றான். கொஞ்சம் பயமா இருக்கு.
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

இ-சிம்மா வைஃபையான்னு என்கிட்ட கேக்காதீங்க, எது மலிவோ அத வாங்கிக்கோங்க. ஆப்பும் அப்படித்தான், போன்ல இருக்கறதே போதும். உங்க லெட்டருக்கு நான் பதில் எழுத உக்காந்ததே உங்க நண்பர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். திமிர். இத கொஞ்ச நாளாவே பல பேர் வாயில கேட்டுட்டு இருக்கேன், கேக்கும்போதெல்லாம் கோவம் வருது.

ஜப்பான்ல ஏழாங்கிளாஸ்ல இருந்து பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் இங்கிலீஷ் படிக்கறாங்க, 2020ல இருந்து அஞ்சாங்கிளாஸ்லயே அது ஒரு பாடமா வந்துடுச்சு. ஆனா பெரும்பாலும் பரிட்சைக்குப் படிக்கற இங்கிலீஷ். கிராமர், வாசிச்சு பதில் எழுதறது, அவ்வளவுதான், வாயத் திறந்து பேசிப் பழக வழியே இல்ல. நீங்க போய் மடமடன்னு கேட்டா, அந்த மனுஷன் மனசுக்குள்ள ஒரு வாக்கியத்தக் கட்டி முடிக்கறதுக்குள்ள நீங்க அதே கேள்விய இன்னும் சத்தமா கேட்டு முடிச்சிருப்பீங்க. தப்பா ஏதாவது சொல்லி இவங்கள வேற ரயில்ல ஏத்தி விட்டுடுவோமோன்னு பயந்து விலகறாரு. முகத்துக்கு முன்னாடி கையை ஆட்டறது அவங்க ஊர்ல 'எனக்கு முடியாதுங்க'ன்னு சொல்ற சைகை, உங்க நண்பர விரட்டறது இல்ல.

எங்க சித்தப்பா தமிழ் மீடியம். மதுரைல தெற்கு மாசி வீதி பக்கம் துணிக்கடை வச்சிருந்தாரு. தினமும் ஹிண்டு பேப்பர் கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பாரு, பேங்க்குக்கு யார் இங்கிலீஷ்ல லெட்டர் எழுதணும்னாலும் தெருவே அவர்கிட்டதான் வரும். ஆனா வெள்ளைக்காரங்க யாராவது கோயிலுக்கு வழி கேட்டு கடை வாசல்ல நின்னா, ஸ்டாக் எடுக்கற மாதிரி உள்ள போயிடுவாரு, சின்னப் பையன் நான்தான் கையக் காட்டி அனுப்புவேன். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரம்மா கேள்விய ஒரு துண்டுச்சீட்டுல எழுதி நீட்டினாங்க. சித்தப்பா வாங்கிப் படிச்சாரு, சீட்டத் திருப்பி பின்பக்கம் பூரா எழுத ஆரம்பிச்சுட்டாரு, எந்த வாசல் வழியா போகணும், மத்தியானம் எப்ப நடை சாத்துவாங்க, செருப்ப எங்க விடணும்னு எல்லாம் வரிவரியா. அவரப் போய் திமிர் பிடிச்சவருன்னு எவனாவது எழுதியிருந்தா நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அதனாலதான் எனக்கு ஜப்பான்ல கனஸாவா ஊர் ஸ்டேஷன் வாசல்ல என்ன பண்ணணும்னு உடனே தெரிஞ்சுது. கென்ரோகுஎன் தோட்டத்துக்கு எந்த பஸ்னு கோட்டு போட்ட ஒருத்தர்கிட்ட கேட்டேன், ரெண்டு கையையும் மார்புக்கு முன்னாடி பெருக்கல் குறி மாதிரி வச்சு தலையை ஆட்டினாரு. நான் நோட்ட எடுத்து அதே கேள்விய பெரிய எழுத்துல எழுதிக் காட்டினேன். மனுஷன் முகமே மாறிடுச்சு. பேனாவ வாங்கினாரு, நிறுத்தத்தோட நம்பர எழுதினாரு, கீழ ஒரு வாக்கியம், அதுல ஒரு எழுத்து தப்பாயிடுச்சுன்னு ஸ்கேல் வச்ச மாதிரி ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு மேல திருத்தி எழுதினாரு. பின்னாடி கதவுல ஏறு, இறங்கும்போது முன்னாடி காசு போடுன்னு குட்டியா ஒரு பஸ்ஸே வரைஞ்சாரு. அப்புறம் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்து வந்து, பஸ் வர்ற வரைக்கும் நின்னுட்டுதான் போனாரு. ஒரு வார்த்தை பேசல.

சொல்லப்போனா அந்த நாடே வாயால சொல்றத விட காட்டறதுல கெட்டிக்கார நாடு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு வர்ற யாருக்கும் அவங்க எழுத்து படிக்கத் தெரியாதுன்னு மசாரு கட்சுமி தலைமைல டிசைனர்கள் உக்காந்து, ஒவ்வொரு விளையாட்டுக்கும் வசதிக்கும் படம் படமா போட்டாங்க. உலகம் பூரா யார் வேணா பயன்படுத்தட்டும்னு காப்பிரைட்டையும் விட்டுக் கொடுத்தாங்க. ரயில்லயும் அதே புத்திதான். டோக்கியோ யாமனோதே ரயில் லைன்ல ஷின்ஜுகுன்னு ஸ்டேஷன் பேரப் படிக்க வேணாம், ஜேஒய் 17னு ஸ்டேஷன் நம்பரப் பாத்தா போதும், உயேனோன்னா ஜேஒய் 05. ஆனா ஷின்ஜுகுல 200க்கும் மேல வாசல் இருக்கு, இறங்கறதுக்கு முன்னாடியே எந்த வாசல்னு பாத்து வச்சுக்கோங்க, இல்லன்னா அம்மாவ வச்சுட்டு அலைவீங்க. கடைல கால்குலேட்டர்ல விலையத் தட்டிக் காட்டுவாங்க, சாப்பாட்டுக் கடை கண்ணாடிக்குள்ள பிளாஸ்டிக்ல தட்டு தட்டா செஞ்சு வச்சிருப்பாங்க, விரல நீட்டினா போதும்.

ஆங், அம்மா சாப்பாடு. இதுல மட்டும் விரல் நீட்டறத நம்பாதீங்க. கறி வேணாம்னா மீன் வரும், மீனும் வேணாம்னு தூக்கினாலும் தாஷின்னு ஒரு சாறு உள்ள இருக்கும், அது நம்ம தூத்துக்குடிப் பக்க மாசிக் கருவாட்டுக்கு பங்காளியான கட்சுவோபுஷில எடுக்கறது. மிசோ சூப், ஊடான், சோபான்னு வர்ற நூடுல்ஸ் எல்லாத்துலயும் பெரும்பாலும் அது உண்டு. தாஷி பேரையும் சேத்து, இது இதெல்லாம் கூடாதுன்னு ஜப்பானிய எழுத்துலயே ஒரு அட்டைல பிரிண்ட் போட்டுக்கோங்க. கியோட்டோல அராஷியாமா போனா தென்ரியூஜி கோயிலுக்குள்ள ஷிகெட்சுன்னு ஒரு இடம், புத்த பிக்குகளோட சைவச் சாப்பாடு, அங்க அம்மா நிம்மதியா சாப்பிடலாம்.

அப்புறம், அம்மாவ ஓட்டல்ல விட்டுட்டு நீங்க ரெண்டு பேர் மட்டும் சுத்தலாம்னு திட்டம் ஏதாவது இருந்தா இப்பவே அழிச்சுடுங்க. ஓட்டல் பேரும் அட்ரஸும் ஜப்பானிய எழுத்துல இருக்கற சீட்டு ஒண்ணு அவங்க கைப்பைல தனியா இருக்கட்டும். ஒருவேளை கூட்டத்துல பிரிஞ்சுட்டா, கோபான்னு ஸ்டேஷன் பக்கத்துலயே சின்ன போலீஸ் பூத் இருக்கும், அங்க அந்தச் சீட்ட நீட்டிட்டு அவங்க தமிழ்லயே பேசட்டும், வழி காட்டறது அங்க இருக்கறவங்களுக்கு அன்றாட வேலை.