எது பாரம், எது ஏற்றம்: அணுத் துணிக்கைகள் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அணுவை ஆக்கும் புரோத்தன், நியூத்திரன், இலத்திரன் மூன்றினதும் திணிவு, ஏற்றம் (மின்னேற்றம்) பற்றி வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்கே பதில்.

உவர்மலை மாணவி: சேர், இலத்திரனின் திணிவு புரோத்தனில் 1840இல் ஒரு பங்கு என்று ஒரு புத்தகத்தில் இருக்கு, இன்னொன்றில் 1836. எதை எழுதுவது?

அளந்த பெறுமானம் 1836.15. அதை மட்டந்தட்டினால் 1840. கணக்கென்றால் வினாத்தாளில் தந்த எண்ணையே எடுங்கோ. புரோத்தன் 1.673 × 10⁻²⁷ கிலோகிராம், நியூத்திரன் 1.675 × 10⁻²⁷, இலத்திரன் 9.11 × 10⁻³¹. அடுக்கை மட்டும் பார்த்துவிட்டுப் பத்தாயிரம் மடங்கு என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். முன்னால் நிற்கிற 9.11ஐ யார் பிரிப்பது?

மூதூர் மாணவன்: இவ்வளவு சின்ன இலத்திரனுக்கு எப்படி சேர் புரோத்தன் அளவுக்கு ஏற்றம் வரும்?

திணிவு கூடினால் ஏற்றமும் கூட வேண்டும் என்ற நினைப்பில் வருகிற கேள்வி இது. அப்படி ஒரு விதியும் இல்லை. மூன்றிலும் பாரமானது நியூத்திரன், அதன் ஏற்றம் பூச்சியம். மியூவோன் என்றொரு துணிக்கை உண்டு. திணிவு இலத்திரனைப்போல ஏறத்தாழ 207 மடங்கு, ஏற்றம் இலத்திரனுடையதே, −1 (புரோத்தனுடையதை +1 என்று வைத்தால்). புரோத்தனும் இலத்திரனும் கொண்டிருப்பது ஒரே பருமன், 1.602 × 10⁻¹⁹ கூலோம், குறிதான் வேறு. இந்தச் சமன் 10²¹இல் ஒரு பங்கு வரைக்கும் பரிசோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. திணிவில் இவ்வளவு பொருந்தாத இரண்டு, ஏற்றத்தில் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது ஏன் என்பதற்கு உறுதியான விளக்கம் இன்னும் இல்லை. பரீட்சையில் வராது, ஆனாலும் இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கிண்ணியாவிலிருந்து: நியூத்திரன் என்பது புரோத்தனும் இலத்திரனும் ஒட்டினதுதானே? ஏற்றமும் சரிவருது, திணிவும் கிட்டத்தட்டச் சரி.

1920இல் அணுக்கருவைக் கண்டறிந்த ரதர்ஃபோர்டே அந்த மாதிரித்தான் யோசித்தார் தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூட்டிப் பாரும். துணிக்கைகளின் திணிவைச் சொல்லும் மெகா இலத்திரன் வோல்ற்று என்ற அலகில் புரோத்தன் 938.27, இலத்திரன் 0.51, மொத்தம் 938.78. நியூத்திரனோ 939.57. ஒட்டிப் பிணைந்த பொருளின் திணிவு பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைய வேண்டும், இங்கே கூடுகிறது. கருவுக்கு வெளியே தனித்துவிட்ட நியூத்திரன் சராசரியாகக் கால் மணித்தியாலம் அளவில் புரோத்தன், இலத்திரன், எதிர்நியூத்திரினோ (ஏற்றமில்லாத, மிக மிகச் சிறிய திணிவுள்ள துணிக்கை) என்று சிதையும். அந்த இலத்திரன் முதலே உள்ளே ஒளிந்திருந்தது இல்லை, சிதையும்போதுதான் உண்டாகிறது. உள்ளே இருப்பவை குவார்க்குகள் என்ற அடிப்படைத் துணிக்கைகள்: ஏற்றம் +2/3 உள்ளது ஒன்று, −1/3 உள்ளவை இரண்டு. கூட்டினால் பூச்சியம்.

நிலாவெளி மாணவி: மின்புலத்துக்குள் விட்டால் எது கூட வளையும்? வகுப்பில் இரண்டு விதமாகச் சொல்லுகிறார்கள்.

இரண்டும் சரியாக இருக்கலாம். எதைச் சமனாக வைத்து விட்டார்கள் என்று முதலில் பாருங்கோ.

மீற்றருக்கு 1000 வோல்ற்றுப் புலம் என்று வைப்போம். புரோத்தனிலும் இலத்திரனிலும் விசை ஒரே அளவு, 1.6 × 10⁻¹⁶ நியூற்றன். ஆர்முடுகல்தான் மாறும்: புரோத்தனுக்கு ஏறத்தாழ 9.6 × 10¹⁰, இலத்திரனுக்கு 1.76 × 10¹⁴ மீற்றர் செக்கன்⁻². ஆகவே ஒரே வேகத்தில் உள்ளே வந்தால் இலத்திரன் மிகக் கூடுதலாக, எதிர்ப்பக்கம் வளையும். அல்ஃபா துணிக்கைக்கு (இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்தது) ஏற்றம் புரோத்தனைப்போல இரண்டு மடங்கு, திணிவு நாலு மடங்கு, அதனால் புரோத்தனின் அரைவாசிதான் வளையும். ஏற்றம் இரண்டென்று கண்டதும் இரட்டிப்பு என்று எழுதிவிடாதீங்கோ.

சரி, ஒரே இயக்கசக்தியில் வந்தால்? விலகற் கோணத்தின் தான்சன் (tan) qEL/mv²; q ஏற்றம், E புலம், L புலத்தின் நீளம், m திணிவு, v வேகம். இதில் mv² என்பது இயக்கசக்தியின் இரு மடங்கு. திணிவு தனியாகத் தெரியாமல் போய்விடும். புரோத்தனும் இலத்திரனும் சம அளவு வளையும், அல்ஃபாவுக்குத் தான்சன் இரட்டிப்பாகும். கேள்வியில் ஒரு சொல் மாறினால் விடை தலைகீழ்.

1897இல் இலத்திரனைக் கண்டறிந்த தொம்சன் அளந்ததும் ஏற்றத்துக்கும் திணிவுக்கும் இடையிலான விகிதத்தைத்தான். அது மட்டும் கையில் இருந்தால் இரண்டையும் தனித்தனியே சொல்ல முடியாது. 1909இல் மில்லிக்கன் தொடங்கிய எண்ணெய்த்துளிப் பரிசோதனையில் ஏற்றம் துல்லியமாக வந்த பிறகு, திணிவு வெறும் வகுத்தல் கணக்கு.

புல்மோட்டையிலிருந்து ஒருவர்: மாஸ்டர், எங்கட மண்ணில் கதிர்வீச்சு இருக்கென்று சொல்லுகிறார்கள். இந்தத் துணிக்கைகளோடு அதுக்கு என்ன சம்பந்தம்?

புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோனோடு கொஞ்சம் மொனசைற்றும் உண்டு நானா. மொனசைற்றில் தோரியம் என்ற கதிர்வீசும் மூலகம் இருக்கிறது, தோரியம் அல்ஃபாவை விடும். அல்ஃபாவின் திணிவு இலத்திரனைப்போல ஏறத்தாழ 7300 மடங்கு, ஏற்றம் +2. மெதுவாகப் போகிற பெரிய ஏற்றம் வழியிலுள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சக்தியை இழப்பதால், காற்றில் சில சென்ரிமீற்றரில் நின்றுவிடும். ஒரு கடதாசியும் தடுக்கும். பீற்றா என்பது வேகமாக வரும் இலத்திரன், அது தூரம் போகும். தோரியத்தின் வழித்தோன்றல்கள் பீற்றாவும் காமாக் கதிர்களும் விடும், ஆகவே அல்ஃபாவோடு கதை முடிவதில்லை. அப்புறம் ஒரு விசயம்: 1904இல் தோரியம் உள்ள தோரியனைற்று என்ற கனியத்தை இலங்கையில் இனங்கண்டவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்காக நாம் அறிந்த அதே குமாரசுவாமிதான்.

தாயார் ஒருவர்: மகன் 60 கிலோ. அதில் இலத்திரன் எவ்வளவு இருக்கும் என்று கேட்டு என்னை வதைக்கிறான்.

ஏறத்தாழ 18 கிராம் அம்மா. மீதியெல்லாம் புரோத்தனும் நியூத்திரனும். எப்படி வந்தது என்று அவரையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ.