பாலினம், ஊனம், இன நீதி ஆகிய மூன்றையும் ஒரே ஆவணப்படத்தில் சொல்ல முடியுமா?

முடியும். சேலத்தில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் கற்பிக்கிறேன். விடுமுறைகளில் சேர்வராயன் மலையில் ஆவணப்படம் எடுக்கிறேன். இம்மூன்றில் ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுக்க முயன்று தோற்றவள் என்பதால், உங்கள் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஏற்காட்டைத் தாண்டிய ஒரு மலைக்கிராமத்தில், சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போன, காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற ஓர் அக்காவைப் பற்றிப் படமெடுக்கத் தொடங்கினேன். அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். (பெயரை வைத்துக் கேரளத்தவர் என்று எண்ண வேண்டாம், தமிழ் பேசும் இம்மக்கள் நம் மாநிலத்தின் பட்டியல் பழங்குடியினர்.) தடியை ஊன்றி அவர் மேடேறுவதையும் சரிவில் பார்த்துப் பார்த்து இறங்குவதையும் பல நாட்கள் எடுத்தேன். எடுத்தவற்றை அவர் வீட்டிலேயே மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்தவர், "டீச்சர், என் காலையே எடுத்திருக்கீங்க. மிளகு பறிக்கறப்ப நான் கீழ நிக்கறத எடுக்கலையே" என்றார்.

அவர் சொன்னது கூலியைப் பற்றி. ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி படர்கிறது. அவர் வேலை செய்யும் தோட்டத்தில் ஏணியில் ஏறிப் பறிக்கும் ஆண்களுக்குக் கூலி அதிகம். கீழே நின்று பொறுக்கும் பெண்களுக்குக் குறைவு. அவருடைய கால் நன்றாக இருந்திருந்தாலும் பெண் என்பதால் ஏணி கிடைத்திருக்காது. ஆணாகப் பிறந்திருந்தால் காலைக் காட்டி மறுத்திருப்பார்கள். அந்தக் குறைந்த கூலிக்கும் அவர் அங்கேயே நிற்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இன்னும் பழையது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த பிறகு, தோட்டங்கள் பெருகப் பெருக, மலையின் மக்களில் பலர் தங்கள் மலையிலேயே கூலியாட்கள் ஆனார்கள். இதில் எந்தப் பங்கு காலால், எந்தப் பங்கு பெண் என்பதால், எந்தப் பங்கு குலத்தால் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அரசுத் தாள்களோ பிரித்தே பார்க்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் இட ஒதுக்கீடு போன்ற பல பயன்களுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். அதற்கான சான்றுக்காக ஒரு நாள் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வந்து காலைக் காட்ட வேண்டும். சாதிச் சான்றுக்கு வேறொரு நாள், வேறோர் அலுவலகம். இரண்டு நாளும் கூலி போகும். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்ட நாட்டில், பெண் என்பதால் குறைந்த கூலிக்குச் சான்று தரும் அலுவலகம் மட்டும் எங்கும் இல்லை.

இன நீதி என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் மட்டுமே என் மாணவர்களின் நினைவுக்கு வரும். அவர்களுக்கு 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைச் சொல்வேன். மாற்றுத்திறனாளிகள் தங்கள் உரிமைக்கான விதிகளில் கையெழுத்திடக் கோரி அரசுக் கட்டடம் ஒன்றினுள் மூன்று வாரங்களுக்கும் மேலாக அமர்ந்திருந்தபோது, அவர்களுக்குச் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தவர்கள், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் (பிளாக் பாந்தர்). சக்கர நாற்காலியில் இருந்த அக்கட்சித் தோழர் பிராட் லோமாக்ஸும் உள்ளே இருந்தார். அந்தப் போராட்டத்தைச் சொல்லும் 'கிரிப் கேம்ப்' (2020) படத்தின் இயக்குநர்கள் இருவரில் ஒருவரான ஜேம்ஸ் லெப்ரெக்ட் சக்கர நாற்காலியில் வாழ்பவர். கேமரா யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு அந்தப் படமே உணர்த்தியது.

மலை அக்காவின் சொல்லுக்குப் பிறகு என் வேலை முறை மாறியது. எடுத்ததை அவருக்குக் காட்டாமல் வெட்டி ஒட்டுவதில்லை. இரக்கத்தைத் தூண்டும் பின்னணி இசையை நீக்கிவிட்டேன். காது கேளாதவர்களுக்கு எழுத்தும், பார்வையற்றவர்களுக்குக் காட்சியை விவரிக்கும் குரலும் சேர்க்கிறேன். முன்பு ஒரு திரையிடலில், சாய்தளம் இல்லாத அரங்கின் படிகளில் ஒரு பார்வையாளரை நான்கு பேர் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. அவர் முகத்தை நான் மறக்கவில்லை. இப்போது இடத்தை நேரில் பார்க்காமல் தேதி குறிப்பதில்லை.

மிளகுப் பருவத்தில் மறுபடி போனேன். கேமராவை அவர் நிற்கும் இடத்தில், அவர் கண்மட்டத்தில் வைத்தேன். ஏணியின் கீழ்ப்படிகளும் மேலிருந்து விழும் மிளகுச் சரங்களும் மட்டுமே தெரிந்தன. மாலையில் தம் வீட்டுத் திண்ணையில், ஏணி ஏறிய பக்கத்து வீட்டுத் தம்பியை அருகில் உட்காரவைத்து, இருவர் கூலியையும் தனித்தனியே அடுக்கி எண்ணிக் காட்டினார். அதுதான் இப்போது படத்தின் முதல் காட்சி.