வாசகர் கேள்வி – பதில்: 92-க்கு வெளியே ஒரு சனிக்கிழமை

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வரும் அக்டோபரில் பையர்களைச் சந்திப்பதற்காக மூன்று வாரம் மான்செஸ்டரில் தங்க வேண்டும். பெரிய கால்பந்து அணிகளின் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது கடினம் என்கிறார்கள். அங்குள்ள நண்பரோ, ‘நான்-லீக் மைதானங்களுக்குப் போய்ப் பாருங்கள்’ என்கிறார். அவை எப்படிப்பட்டவை? அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத் தக்கவையா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பார்க்கத் தக்கவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகில் 20 அணிகள், அதற்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளில் தலா 24 அணிகள், ஆக 92. அதற்கு அடுத்த படியான நேஷனல் லீகில் தொடங்கி வட்டார லீகுகள், மாவட்ட லீகுகள் எனப் படிப்படியாக இறங்கும் மற்ற எல்லாச் சங்கங்களையும் (கிளப்) சேர்த்து ‘நான்-லீக்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டு, லீக் இல்லாத நட்புமுறை ஆட்டங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு படியிலும் புள்ளிப் பட்டியலும் ஏற்ற இறக்கமும் உண்டு. 2002-இல் ரசிகர்களே கூடித் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன், கீழ்ப்படி லீக் ஒன்றில் ஆடத் தொடங்கி, 2011-இல் அந்த 92-க்குள் நுழைந்தது.

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஷெஃபீல்டு வந்துவிடும். முதலில் அங்கே செல்லுங்கள். உலகின் மிகப் பழைய கால்பந்துச் சங்கமான ஷெஃபீல்டு எஃப்.சி. 1857-இல் அங்குதான் தொடங்கப்பட்டது. இப்போது நகருக்குத் தெற்கே ட்ரோன்ஃபீல்டு என்னும் சிற்றூரில் ஆடுகிறது. 2004-இல் ஃபிஃபா தன் உயரிய விருதை இரண்டு சங்கங்களுக்கு அளித்தபோது, ரியல் மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் நின்றது இந்தச் சிறு சங்கம்தான். நகரின் மேற்கே கிராஸ்பூலில் ஹாலம் எஃப்.சி.யின் சாண்டிகேட் மைதானம் இருக்கிறது. 1860 டிசம்பர் 26 அன்று இந்த இரு சங்கங்களும் அங்கே மோதிய ஆட்டம்தான் உலகில் இரு சங்கங்களுக்கிடையே நடந்த முதல் கால்பந்து ஆட்டம் எனக் கருதப்படுகிறது. சாண்டிகேட்டின் ஆடுகளம் ஒருபக்கமாகச் சரிந்திருப்பது வேலியோரம் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரியும். மேட்டிலிருந்து அடிக்கும் அணியும் பள்ளத்திலிருந்து ஏறி ஆடும் அணியும் தம் ஆட்டத்தை எப்படி மாற்றிக்கொள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே முதல் பாதி கழிந்துவிடும்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிதான் வழக்கமான ஆட்ட நேரம். அந்த நாளில் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் கால்பந்தைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதற்குத் தடை இருக்கிறது. பெரிய அணிகளை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டால் சிறிய மைதானங்களின் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதே அதற்குக் காரணம். இந்தச் சங்கங்களுக்கு வாசலில் சேரும் கட்டணமும், கேண்டீனில் விற்கும் தேநீரும், அச்சிட்ட நிகழ்ச்சிக் குறிப்பும் பெரிய வருமானம். ஆகவே மூன்றுக்கும் காசு கொடுத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். பல இடங்களில் முன்பதிவு தேவைப்படாது. சைவ உணவு உண்பவராக இருந்தால் உருளைக்கிழங்கு சிப்ஸ் அநேகமாகக் கிடைக்கும்.

ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஆட்டத்துக்கு முன் வேலியை ஒட்டி ஒரு சுற்று நடந்து வந்தால்தான் மைதானம் பிடிபடும். எத்தனை இருக்கைகள், எவ்வளவு கூரை, எப்படிப்பட்ட விளக்குகள் இருக்க வேண்டும் என்பதை இங்கிலாந்துக் கால்பந்தை நிர்வகிக்கும் தலைமை அமைப்பான கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) படிக்குப் படி வரையறுத்திருக்கிறது. களத்தில் வென்றாலும் மைதானம் அந்தத் தகுதியை எட்டவில்லை என்றால் மேல்படிக்குச் செல்ல முடியாமல் போகலாம். அதனால்தான் பழைய மரக்கூரைக்குப் பக்கத்திலேயே, நேற்றுக் கொண்டுவந்து இறக்கியது போன்ற ஐம்பது பிளாஸ்டிக் இருக்கைகளைக் காண்பீர்கள். அந்த இருக்கைகளுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் பணம் திரட்டிய கதை ஒன்று இருக்கும். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். கீழ்ப்படிகளில் இரு அணி ரசிகர்களையும் பிரித்து நிறுத்துவதில்லை. இடைவேளையில் தம் அணி அடிக்கப்போகும் கோல்கம்பத்தின் பின்னால் இடம்பிடிக்க ஆட்கள் எதிரும் புதிருமாக நடந்து செல்வார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து நடக்கலாம்.

அக்டோபரில் போவது உங்களுக்கு அமைந்த நல்வாய்ப்பு. ஆகஸ்டில் தொடங்கும் எஃப்.ஏ. கோப்பைத் தகுதிச் சுற்றுகளின் கடைசிச் சுற்று அந்த மாதத்தில்தான் நடைபெறும். அதில் வெல்லும் 32 அணிகள், நவம்பரில் அந்த 92-இன் கீழ் இரு பிரிவுகளைச் சேர்ந்த 48 அணிகளோடு முதல் சுற்றில் சேர்கின்றன. ஊர் முழுவதும் கூடி நிற்கும் அந்த ஆட்டங்களில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள்.

மழை பெய்தால் மட்டும் கவனம் தேவை. களத்தில் நீர் தேங்கினால் நடுவர் காலையிலோ பிற்பகலிலோ வந்து பார்த்து ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார். இரண்டு பேருந்து மாறிச் சென்று, பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டு நனைந்தபடி நான் திரும்பிய ஒரு சனிக்கிழமை உண்டு. சங்கத்தின் சமூக ஊடகப் பக்கத்தை அன்று காலையில் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாடு போகிறவர்களுக்குச் சரி. நம் கொங்கு வட்டாரத்தில் இருந்துகொண்டே இப்படி மைதானம் மைதானமாகப் போய்ப் பார்க்க வழியுண்டா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உண்டு. கோவை நேரு விளையாட்டரங்கிலிருந்து தொடங்குங்கள். சென்னை சிட்டி அணி அந்த அரங்கையே தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடி, 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தை அங்கேயே கைப்பற்றியது. மாவட்ட லீக் ஆட்டம் நடக்கும் நாளில் ஏறக்குறைய காலியாக இருக்கும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தால், பயிற்சியாளர் கத்துவதும், தடுப்பாட்டக்காரர் ‘பின்னாடி ஆள்’ என்று எச்சரிப்பதும் காதில் விழும். தொலைக்காட்சியில் கிடைக்காத ஆட்டம் அது.

உங்கள் ஊரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் தொலைவில் இல்லை. அதைத் தாண்டினால் மழைக்காலம் முடிந்த பின் மலபார் முழுவதும் செவன்ஸ் ஆட்டங்களுக்கான காலம். அணிக்கு ஏழு பேர், சிறிய களம், இரவு விளக்கு, ஆப்பிரிக்க வீரர்கள், தற்காலிகமாகக் கட்டிய கேலரியில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் ஊர் மக்கள் என்று அதன் விறுவிறுப்பே தனி. கேலரியில் ஏறும்முன் மட்டும் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு கேலரி சரிந்து பலர் காயமடைந்தனர். கூட்டம் அளவுமீறினால் தரையில் நின்று பார்ப்பதே நல்லது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் கால்பந்து ஆடுகிறாள். லண்டனில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு அவளோடு செல்கிறேன். பெண்கள் இருவராக இம்மாதிரி மைதானங்களுக்குச் செல்லலாமா, அம்மா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகச் செல்லுங்கள். தாத்தா பேரனோடும், தாய் குழந்தைவண்டியோடும் வரும் இடங்கள் அவை. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றால் லூயிஸ் என்னும் ஊர். அங்குள்ள சங்கத்தின் மைதானத்துக்கு ‘டிரிப்பிங் பேன்’ என்று பெயர். மண்மேடுகள் சூழ்ந்த பள்ளத்தில் ஆடுகளம் அமைந்திருக்கும். 2017-இல் ஆண்கள், பெண்கள் அணிகளுக்குச் சமமான நிதி ஒதுக்குவதாக அந்தச் சங்கம் அறிவித்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடவே தடை விதித்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அதை நீக்காமல் வைத்திருந்தது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். அந்தப் புல்தரையில் பெண்கள் அணி ஓடுவதை அவள் வேறு கண்ணோடு பார்ப்பாள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றதை அவளே அங்குள்ளவர்களுக்குச் சொல்லட்டும்.

கேள்வி: எத்தனை நிமிடம் பார்த்தால் ஒரு மைதானத்தைக் ‘கணக்கில்’ சேர்த்துக்கொள்ளலாம்?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாம் பார்த்த மைதானங்களைக் கணக்குவைத்துக்கொண்டு புதுப்புது மைதானம் தேடிச் செல்வோரிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. முழு ஆட்டமும் பார்த்தாக வேண்டும் என்பார் உண்டு. கோல் விழாத ஆட்டத்தைச் சேர்க்காதவர்களும் உண்டு. நான் முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை இருந்தால் மட்டுமே நோட்டில் எழுதுகிறேன். தேதி, அணிகள், கோல் எண்ணிக்கை ஆகியவற்றோடு, பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்ன ஒரு செய்தியையும் அன்று இரவே எழுதிவைத்துவிடுவேன்.