பொண்ணு மீன் மரபியல் படிக்கணும்னு சொல்றா, சேர்க்கலாமா?

சார், "மீனோட டிஎன்ஏவ பாக்க யாரு சம்பளம் குடுப்பா"ன்னு கேட்டிருந்தீங்க. நியாயமான பயம்தான், ஆனா முதல்ல அந்த வேலை என்னன்னு தெரிஞ்சுக்கோங்க.

எவ்வளவு மீன் பிடிக்கலாம்னு கணக்கு போடணும்னா கடல்ல இருக்கறது ஒரே கூட்டமா தனித்தனி கூட்டமான்னு தெரியணும் (கூட்டம்னா பெரும்பாலும் தங்களுக்குள்ளயே இனப்பெருக்கம் பண்ற மீனுங்க). ரெண்ட ஒண்ணுன்னு நெனச்சு கோட்டா போட்டா சின்னக் கூட்டம் சத்தமில்லாம காலியாகும், மொத்தக் கணக்கு என்னவோ நல்லா இருக்கற மாதிரியே காட்டும். நார்வேல லோஃபோட்டன் பக்கம் முட்டை போட வர்ற காட் மீன்ல, பாரன்ட்ஸ் கடல்லருந்து வர்ற பெரிய கூட்டமும் கரையோரத்துலயே இருக்கற நலிஞ்ச கூட்டமும் கலந்து கிடக்கும். அங்க சீசன் நடக்கும்போதே சாம்பிள லேப்புக்கு அனுப்பி, கரையோர காட் எத்தன சதவீதம்னு டிஎன்ஏல பாத்து, ஒரு பகுதிய தொறக்கலாமா மூடணுமான்னு முடிவு பண்ணிருக்காங்க. அதாவது லேப்ல உக்காந்திருக்கறவங்க ரிசல்ட்டுக்காக படகுங்க காத்திருக்கு. அட்லாண்டிக் ப்ளூஃபின் சூரையும் அப்படித்தான், மெக்சிகோ வளைகுடாவுல பொறந்ததும் மத்தியதரைக் கடல்ல பொறந்ததும் நடுக்கடல்ல ஒண்ணா மேயும், பிடிபட்ட மீன் எந்தப் பக்கத்துதுன்னு சொல்ல இந்தப் படிப்பு உதவுது.

இப்ப உங்க பொண்ணு யோசிக்க வேண்டிய விஷயம். துடுப்புல ஒரு துண்டு வெட்டி எத்தனால் குப்பில போடறது, டிஎன்ஏ பிரிக்கறது எல்லாம் சின்ன பகுதிதான், மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர்தான், ஆர் (R), பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழிங்க, புள்ளியியல்னு ஓடும். ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல உள்ள வித்தியாசத்த எஃப்எஸ்டி (FST)ங்கற எண்ணால அளப்பாங்க, 0ன்னா வித்தியாசமே இல்ல, கடல் மீன்ல பல நேரம் 0.01க்கும் கீழதான் வரும். ஏன்னா முட்டையும் குஞ்சும் நீரோட்டத்துல எங்கெங்கயோ போயிடும், தலைமுறைக்கு கொஞ்சம் மீன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறி முட்டை போட்டாலே வித்தியாசம் கரைஞ்சுடும். ஆனா அந்தக் கொஞ்சம் மீன் வந்து காலியான கூட்டத்த நிரப்பிடாது சார்! அதனால "வித்தியாசம் தெரியல"ன்னு வந்த ரிசல்ட்ட "ஒரே கூட்டம்"னு எழுதக்கூடாது. இந்த இடத்துல நிதானமா யோசிக்கறவங்கதான் இந்த ஃபீல்டுல நிக்கறாங்க, உயிரியல் மட்டும் பிடிக்கும் கணக்கு வேணாம்னா ரொம்ப கஷ்டப்படுவா.

வேலை பத்தி மறைக்காம சொல்றேன். நிரந்தர போஸ்ட் கம்மி, ஆரம்பத்துல ப்ராஜெக்ட் கான்ட்ராக்ட்தான், சொந்தமா ஆராய்ச்சி பண்ண பிஎச்டி கிட்டத்தட்ட கட்டாயம். அதே சமயம் கத்துக்கற ஜீனோமிக்ஸ் (உயிரோட மொத்த டிஎன்ஏவையும் ஆராயறது) டேட்டா வேலை மீனோட நிக்காது, பயிர் ரகம் உருவாக்கறது, நோய்க்கிருமிய கண்காணிக்கறது, கடல் உணவு எங்கருந்து வந்துச்சுன்னு சரிபார்க்கற லேப்னு போகலாம். அதனால டிகிரிய ரொம்ப குறுகலா எடுக்க வேணாம்னுதான் சொல்வேன், பிஎஸ்சில விலங்கியலோ மீன்வளமோ பயோடெக்கோ எடுத்து கூடவே புள்ளியியல் படிக்கட்டும், எம்எஸ்சில மீன் பக்கம் திரும்பிக்கலாம்.

இந்த லீவுல ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. ஆராய்ச்சியாளருங்க இலவசமா போட்டு வச்சிருக்கற மீன் மரபணு டேட்டா ஒண்ண டவுன்லோட் பண்ணி, எத்தன கூட்டம் தெரியுதுன்னு ஆர்ல அவளே பாக்கட்டும். எரர் மேல எரர் வரும், வந்தும் ராத்திரி அத விட்டு எழுந்திரிக்க மனசில்லாம உக்காந்திருந்தாள்னா தைரியமா சேர்த்துவிடுங்க.