திருப்பூரில் ஆர்டர் இருந்தும் சிறு யூனிட்டுகள் ஏன் ஆள் எடுக்கத் தயங்குகின்றன?

முக்கியக் காரணம் பணப் புழக்கம். வேறு கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் (ஜாப் ஒர்க்) பவர்டேபிள் எனப்படும் தையல் யூனிட்டில் சனிக்கிழமை ஆனால் சம்பளம் போட்டாக வேண்டும். ஆர்டர் கொடுத்த கம்பெனியிடமிருந்து பில் தொகை வர மாதக்கணக்காகலாம். 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே! அதனால் பலரும் வாய் திறப்பதில்லை. புதிதாக ஒரு டெய்லரை வைத்தால், பில் பணம் வரும்வரை அவர் கூலியையும் கைக்காசிலோ வட்டிக்கோ புரட்ட வேண்டும்.

10 பேரானால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 பேரானால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டும் என்பதையே பெரிய தடையாகச் சொல்வார்கள். என் பார்வையில் அது இரண்டாம்பட்சம். பணம் நேரத்துக்கு வந்தால் அந்தச் செலவைத் தாங்கலாம். சீசன் முடிந்தால் மெஷின் சும்மா கிடக்கும் என்பதால் பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் கான்ட்ராக்ட் ஆட்களை வைத்தே அவசரத்தைச் சமாளிக்கிறார்கள்.