எங்கேருந்து?

வணக்கம் சார்,

நான் பாகூர், புதுச்சேரி பக்கம். எம்.டெக் ப்ராஜெக்ட்டுக்காக எங்க ஊர்லேருந்து கடலூர் கேப்பர் மலை வரைக்கும் 64 போர்வெல்ல தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு எடுத்து, பைத்தான்ல கிராஃப் வரையற மேட்ப்ளாட்லிப்ல த்ரீடியா வரைஞ்சிருக்கேன். ஒவ்வொரு போருக்கும் ஒரு உருண்டை வச்சேன், அது முருங்கைக்காய் மாதிரி நீண்டு வருது. அளவ ஈக்வல் பண்ணா மொத்தமும் அப்பளமாயிடுது. பின்னாடி இருக்க வேண்டிய தளம் சில ஆங்கிள்ல முன்னாடி வந்து நிக்குது. அது மாதிரியே இருக்கிற ப்ளாட்லிக்கு மாறிடலாமா? இன்னொண்ணு, சிவில் படிச்சவன் கதை எழுத முடியுமா சார்? படம் இணைச்சிருக்கேன்.

எஸ்., பாகூர்

அன்புள்ள எஸ்.,

கதையா? எழுதி அனுப்பு, அப்புறம் பேசலாம்.

ப்ளாட்லிக்கு மாறணும்னா மாறிக்கோ. மேட்ப்ளாட்லிப் அடிப்படையில தட்டையான கிராஃப் வரையறதுக்குன்னு ஜான் ஹண்டர் எழுதினது, வலிப்பு நோயாளிங்களோட மூளை சிக்னலப் பாக்குறதுக்காக ஆரம்பிச்ச வேலை, மனுஷன் 2012ல 44 வயசுலயே போயிட்டார். த்ரீடி அதுல பின்னாடி ஒட்ட வச்சது. அது ஒரு தளத்த முழுசா வரைஞ்சிட்டு அதுக்கு மேல அடுத்தத வரையும், ரெண்டு தளம் ஒண்ண ஒண்ணு வெட்டினா எது முன்னாடின்னு அதுக்குத் தெரியாது. ப்ளாட்லி கிராஃபிக்ஸ் கார்டு வச்சு புள்ளி புள்ளியா பாத்து வரையறதால அந்தக் குழப்பம் வராது. அவ்ளோதான் விஷயம்.

ஆனா தம்பி, உன் வியாதி அது இல்ல. உன் படத்த கால் மணி நேரம் பாத்தேன். 64 உருண்டை, எல்லாம் அந்தரத்துல, சாயங்காலம் தெருவிளக்கடியில கொசு மொய்க்கிற மாதிரி. எது ஆழம், எது தூரம், ஒண்ணும் புரியல. எப்படிப் புரியும்? ஸ்க்ரீன் தட்டை. அதுல இருக்கிற ஒரு புள்ளி கிட்டக்க ஆழத்துல இருக்கிறதாவும் இருக்கலாம், தூரத்துல மேலாக்க இருக்கிறதாவும் இருக்கலாம். மவுஸ வச்சு சுத்திப் பாக்குற உனக்குத் தெரியும், பேப்பர்ல பிரிண்ட் எடுத்துப் பாக்குற கைடுக்குத் தெரியுமா? வானவில் கலர் வேற அடிச்சிருக்க, ஏன்னு கேட்டா ப்ரோக்ராம்ல அப்படித்தான் இருந்துச்சும்ப.

எங்கப்பா கொத்தனார். கடலூர் முதுநகர்ல பாதி வீட்டுல அவர் கை இருக்கும். அஞ்சாவது லீவுல என்னைய வேலைக்குக் கூட்டிட்டுப் போயி டியூப் லெவல்ல, அதான் மட்டம் பாக்குற தண்ணிக் குழாய்ல, ஒரு முனையப் பிடிக்கச் சொல்லுவாரு, தண்ணிக்குள்ள ஒரு குமிழி நின்னாகூட அளவு போச்சு, கட்டவிரல எடுத்துட்டா தண்ணியே போச்சு, திட்டு விழும். பக்கவாட்டுக்கு நூல், மூலைக்கு மூலைமட்டம், நிமிந்து நிக்கிறதுக்குத் தூக்குக்குண்டு. உன்னோட எக்ஸ் ஒய் இசட் மூணும் அவரோட சாக்குப்பைக்குள்ளயே இருந்துச்சு. யாராவது வந்து "மேஸ்திரி, மூணடி வருது"ன்னு சொன்னா அவர் நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. "எங்கேருந்து?"ம்பாரு.

அதத்தான் நானும் கேக்குறேன். உன் முப்பது அடி எங்கேருந்து? தரையிலேருந்து, இல்லையா? கேப்பர் மலைங்கிறது செம்மண் மேடு, பாகூர் ஏரிப் பாசனத்துப் பள்ளம். மேட்டுல முப்பதும் பள்ளத்துல முப்பதும் ஒரே உயரத்துலயா இருக்கும்? நீ ரெண்டையும் ஒரே மட்டத்துல வச்சு, நடுவுல ஒரு தளத்தையும் நீட்டி, இதான் நிலத்தடி நீர்மட்டம்னு எழுதியிருக்க. அது பொய். ஒவ்வொரு போர் வாயும் கடல் மட்டத்துக்கு மேல எவ்ளோன்னு எடுத்து அதுலேருந்து கழி. கழிச்சிட்டு, தரையிலேருந்து தண்ணி வரைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு விடு, கிணத்துல கயிறு விட்ட மாதிரி. ரெண்டு வரி லூப், அவ்ளோதான். அப்ப பாரு, கொசு மொய்க்கிற படம் அப்படியே ஊரா மாறி நிக்கும்.

அப்பளம் ஆகுறது தப்பே இல்ல, உண்மை அதான். நிலம் பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர், ஆழம் நூறு மீட்டர்கூட இல்ல. நிமிர்த்தித்தான் காட்டணும், மேட்ப்ளாட்லிப்ல செட் பாக்ஸ் ஆஸ்பெக்ட்னு ஒரு கட்டளை இருக்கு, அதுல நிமிர்த்திட்டு எத்தனை மடங்குன்னு படத்துலயே எழுது. எழுதாம விட்டா ஏமாத்து வேலை.

இன்னும் முடியல. உங்க ஊருக்குப் பக்கத்துலதான அரிக்கமேடு, போயிருக்கியா? நீங்கள்லாம் கோவா போவீங்க. 1945ல மார்ட்டிமர் வீலர்னு ஒரு தொல்லியல்காரர் அங்க தோண்டினப்போ, கிடைச்ச பொருளுக்கு நீளம், அகலம், ஆழம்னு மூணையும் குறிக்கணும்னு நின்னவரு. ஆனா ஆழம் மட்டும் போதும்னு அவர் சொல்லல. சிந்துவெளியில முன்னாடி தோண்டினவங்க ஒரே மட்டத்துல கிடைச்சதெல்லாம் ஒரே காலம்னு வச்சுக்கிட்டாங்கன்னு அவங்கள விளாசினாரு. மண்ணு அடுக்கு சரிஞ்சு வளைஞ்சு போகும், பொருள் எந்த அடுக்குலன்னு சொல்லுன்னாரு. அப்படி அடுக்கு பாத்ததாலதான் இத்தாலியில செஞ்ச சிவப்புப் பானை ஓட்ட வச்சுக் கூட இருந்த நம்மூர்ப் பானைக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுன்னு காலம் சொல்ல முடிஞ்சுது. உனக்கும் அதே கதைதான். மேல ஆத்து வண்டல், கீழ கடலூர் மணற்கல், அந்தப் பாறையும் கடல் பக்கமா சரிஞ்சு எறங்குது. ஒரே ஆழத்துல ரெண்டு போர் ரெண்டு வேற தண்ணியக் குடிச்சிட்டு இருக்கலாம். கலர் அடிக்கணும்னா அடுக்குக்கு அடி, அழகுக்கு அடிக்காத.

திட்டுறேன்னு வருத்தப்படாத. 64 வீட்டு வாசல்ல போயி நின்னு, டேப்ப விட்டு அளந்துருக்க, எத்தனை வீட்டுல மோர் குடுத்தாங்க, எத்தனை வீட்டுல நாய வுட்டாங்கன்னு எனக்குத் தெரியும். இத்தனை கஷ்டப்பட்டு எடுத்தத இப்படி அந்தரத்துல வுட்டுட்டியேன்னுதான் வயித்தெரிச்சல்.

எங்கப்பாவும் ஒரு தடவ தப்பு பண்ணாரு. திருப்பாப்புலியூர் பக்கம் ஒரு வீடு, தரைய ரெண்டடி ஏத்திக் கட்டினாரு. இருபது வருஷத்துல ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு, 2015 வெள்ளத்துல அந்த வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. வீட்டுக்காரர் கோவமாக்கூடப் பேசல, "நீங்கதான மேஸ்திரி ரெண்டடி ஏத்தினீங்க"ன்னாரு. அப்பா சுவத்துல கறை நின்ன எடத்த விரலால தொட்டுப் பாத்துட்டு, "ஏத்தினேன் சார், ரோட்டுலேருந்து"ன்னாரு. வர்ற வழியில ஸ்டேஷனுக்குள்ள போயி, மஞ்ச போர்டுல கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு கீழ பொடியா எழுதியிருக்குமே, அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. டிக்கெட் இல்லாம ப்ளாட்ஃபார்ம்ல நிக்கிறோம்னு எனக்குத்தான் பயம்.

ஆமா, முருங்கைக்காய மறந்துட்டேன். அந்த உருண்டைங்கள எடுத்துடு, புள்ளி போதும்.