துறைமுகத்துக்குள் கப்பலை இழுத்து வருவது தவிர டக் படகுகளுக்கு வேறு வேலை உண்டா?

நிறைய உண்டு. முதலில் அந்தத் துறைமுக வேலையையே எடுத்துக்கொள்வோம், அதிலும் இழுப்பது பாதிதான். பெரிய கப்பல் வேகத்தைக் குறைக்கக் குறைக்க சுக்கான் மேல் பாயும் தண்ணீரும் குறைந்து, என்ன திருப்பினாலும் கப்பல் திரும்பாது. கன்டெய்னர் அடுக்கிய கப்பல் என்றால் காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும். அந்த நேரத்தில் அதற்கு ஸ்டியரிங்கும் பிரேக்கும் டக்தான். கப்பலின் மேலே நின்று வழிகாட்டும் துறைமுக பைலட் ரேடியோவில் சொல்லச் சொல்ல ஒன்று இழுக்கும், இன்னொன்று மூக்கை வைத்துத் தள்ளும். இப்போதைய டக் பலவற்றில் புரொப்பல்லரையே 360 டிகிரி திருப்பலாம், 30 மீட்டர்கூட நீளம் இல்லாத படகு 70, 80 டன் விசையோடு இழுக்கும்.

அடுத்து எஸ்கார்ட் வேலை. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கடலில் கொட்டிய பிறகு, அந்தப் பகுதியில் எண்ணெய் ஏற்றிவரும் டாங்கரோடு இரண்டு டக் கூடவே போக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது, சும்மா கூடப் போய்விட்டுத் திரும்ப வேண்டியதுதான். மிசிசிப்பி ஆற்றில் ஓடுபவை வேறு ரகம், கயிறு கட்டி இழுப்பதே கிடையாது. தட்டையான முகப்பை வைத்து, ஒவ்வொன்றும் சுமார் 1,500 டன் ஏற்றக்கூடிய பார்ஜ் எனும் தட்டைச் சரக்குப் படகுகளை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் முப்பது நாற்பது வரைகூட, ஒன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். துறைமுக டக்கில் பலர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடலாம், இங்கே வாரக்கணக்கில் படகிலேயேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

கடல் டக்குகள் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது வர்யாக். தானாக ஓட முடியாத, பாதி கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் அது. 2001 நவம்பரில் உக்ரைனிலிருந்து சீனாவுக்கு இழுத்துப் போகும்போது ஏஜியன் கடலில் புயலில் கயிறு அறுந்து, அவ்வளவு பெரிய கூடு கேட்பாரற்று மிதந்தது. மறுபடி பிடித்துக் கட்டினார்கள், சூயஸ் வழியே விடாததால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போய் 2002 மார்ச்சில் தாலியன் சேர்ந்தார்கள். இன்று அதுதான் சீனாவின் லியாவ்னிங்.

2021-ல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சிக்கியபோதும் டக்குகளுக்குத்தான் கைதட்டல். 285 டன் இழுவிசை கொண்ட ஆல்ப் கார்ட் என்ற டக் எல்லாம் வந்து இழுத்தது உண்மைதான், ஆனால் மணல் தோண்டியவர்களுக்கும் பௌர்ணமி ஓதத்துக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு என்பேன்.

எல்லாவற்றிலும் விசித்திரமான வேலை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கம். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையை நோக்கி மிதந்துவரும் பனிப்பாறையைச் சுற்றி மிதக்கும் கயிறு போட்டு இழுப்பார்கள். இதைச் செய்வது டக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய சப்ளை படகுகள். நிறுத்தவெல்லாம் முடியாது, மெதுவாக இழுத்துக் கொஞ்சம் திசை மாற்றிவிட்டால் மேடையைத் தாண்டிப் போய்விடும். அவசரப்பட்டால் கயிறு நழுவும், அல்லது பாறையே குப்புறப் புரளும்.

வேலை எதுவானாலும் கயிறு கட்டி இழுக்கும் டக்குக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. பின்னால் வரும் கப்பல் டக்கை முந்தினாலோ சட்டென்று திரும்பினாலோ கயிறு பக்கவாட்டுக்கு வந்துவிடும், அப்புறம் அந்தக் கயிறே டக்கைச் சாய்த்துக் கவிழ்த்துவிடும், எல்லாம் சில நொடிகளில். அதற்காகத்தான் கயிறை உடனே விடுவிக்கும் கொக்கி வைத்திருக்கிறார்கள். இழுக்கும்போது கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதனால்தான், ஆனால் எஞ்சின் ரூம் வெக்கை தாங்காமல் கதவைத் திறந்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், படகு சாய்ந்தால் தண்ணீர் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான்.